வேலியும் கோழிக்கூடும்: நெடுங்கேணி வளவுகளின் வரலாறு

நெடுங்கேணி என்ற பெயரைப் பத்திரிகைகளின் வாயிலாக மட்டும் அறிந்தவர்களுக்கு அது ஒரு போர்முனையின் பெயராகவே நினைவில் இருக்கும். வவுனியா மாவட்டத்தின் வட பகுதியில், புளியங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டானுக்குச் செல்லும் வீதியில் அமைந்த இவ்வூர், படை நகர்வு, இடப்பெயர்வு, எல்லைக் குடியேற்றம் ஆகிய மூன்று தலைப்புகளின் கீழேயே பல்லாண்டுகள் செய்தியாயிற்று. நாளிதழின் செய்தி மேசையில் இருந்த காலத்தில் அந்தப் பெயரை நானும் எத்தனையோ தடவை தலைப்புகளில் இட்டிருக்கிறேன். ஆயினும் குளமும் வயலும் காடும் சூழ்ந்த ஒரு விவசாயக் கிராமத்தின் வரலாற்றை அறிவதற்கு வேறொரு வழியும் உண்டு. வீட்டு வளவுக்குள் சென்று, கோழிக்கூட்டையும் தோட்டத்து வேலியையும் பார்ப்பதே அந்த வழி.

கோழியும் வேண்டும், கத்தரியும் மிளகாயும் பயிற்றையும் வேண்டும், இரண்டும் ஒரே வளவுக்குள் இருக்கவும் வேண்டும். கோழியோ கிளறாமல் இருக்காது. நாற்று கிளறுதலைத் தாங்காது. இந்தச் சிக்கலுக்கு வன்னி மக்கள் கண்ட தீர்வை ஒரு வரியில் சொல்லிவிடலாம்: பகலில் தோட்டத்துக்கு வேலி, இரவில் கோழிக்குக் கூடு. பார்ப்பதற்கு எளிதான இந்த ஒழுங்கு எத்தனை பழமையானது, அது எவ்வாறு குலைந்தது, குலைந்தபின் அதை மீண்டும் அமைப்பது ஏன் அத்தனை கடினமாயிற்று என்பவற்றை இங்கே எழுத விரும்புகிறேன்.

தானியத்தைத் தேடி வந்த பறவை

கோழி மனிதனிடம் வந்த கதையைப் பற்றி அண்மைக் காலத்தில் கருத்துகள் மாறியுள்ளன. சீனாவிலோ சிந்துவெளியிலோ எண்ணாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே கோழி வளர்க்கப்பட்டது என்று முன்னர் எழுதினார்கள். 2022ஆம் ஆண்டு வெளியான விரிவான ஆய்வொன்று, 89 நாடுகளில் அறுநூறுக்கும் மேற்பட்ட இடங்களில் கிடைத்த கோழி எலும்புகளை மீண்டும் பரிசீலித்து அக்கருத்தை மறுத்தது. ஐயத்துக்கு இடமின்றி வீட்டுக்கோழி என்று சொல்லத்தக்க மிகப் பழைய எலும்புகள் மத்திய தாய்லாந்தின் பான் நொன் வாட் என்னும் இடத்தில் கிடைத்தவை. அவற்றின் காலம் ஏறத்தாழ கி.மு. 1650 முதல் கி.மு. 1250 வரை. நெல்லும் தினையும் பயிரிடத் தொடங்கிய பின்னரே, அந்தத் தானியத்தைத் தேடிச் செங்காட்டுக்கோழி மரத்திலிருந்து இறங்கி மனிதரின் குடியிருப்புகளை அண்டியது என்பது அவ்வாய்வாளர்கள் கண்ட முடிவு.

இதன் பொருள் என்ன? கோழியை மனிதன் காட்டுக்குள் சென்று பிடித்து வந்தான் என்பதைவிட, மனிதனுடைய விளைச்சலைக் கொத்துவதற்காகக் கோழி தானே வந்து சேர்ந்தது என்பதே பொருத்தமானது. தோட்டத்துக்குள் கோழி நுழைவது அதன் கெட்ட பழக்கமென்று நாம் சினந்துகொள்கிறோம். அந்தப் பழக்கம் இல்லாதிருந்தால் அது நம்மிடம் வந்தே இராது.

நம் இலக்கியமும் இச்சிக்கலைப் பதிவு செய்திருக்கிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பட்டினப்பாலையில் வரும் முற்றத்துக் காட்சி பலரும் அறிந்தது. வெயிலில் காயப்போட்ட உணவைக் கொத்த வந்த கோழியை, வீட்டுப் பெண் தன் காதிலிருந்த கனத்த குழையைக் கழற்றி எறிந்து விரட்டுகிறாள். முற்றத்தில் கிடந்த அந்தக் குழை, சிறுவர் உருட்டி வரும் மூன்றுருளைத் தேருக்குத் தடையாகிறது. காவிரிப்பூம்பட்டினத்தின் செல்வத்தைக் காட்டுவதற்காகவே புலவர் இதனைச் சொன்னார் என்று உரையாசிரியர்கள் விளக்குவர். செல்வத்தைக் காட்டப் புலவர் தேர்ந்த காட்சி, எந்த ஏழை முற்றத்திலும் நாள்தோறும் நடப்பதே என்பதை நாமும் கவனிக்கலாம். ஏழை வீட்டில் எறிவதற்குக் குழைக்குப் பதிலாக ஈர்க்குமாறு இருந்திருக்கும், அவ்வளவே வேறுபாடு.

சோழரின் உறையூருக்குக் கோழி என்றே ஒரு பெயர் இருந்தது. முருகனின் கொடியில் சேவல் இருக்கிறது. விழுப்புரம் மாவட்டத்தின் அரசலாபுரத்தில், சண்டையிட்டு மாண்ட சேவலுக்கு எடுத்த நடுகல் இருக்கிறது. புகழ்பெற்ற சேவலைப் பற்றிய சான்றுகள் இவ்வாறு கல்லிலும் கொடியிலும் கிடைக்கின்றன. முட்டையிட்டுக் குடும்பத்தைத் தாங்கிய பேட்டுக்கு நடுகல் இல்லை. அதன் வரலாற்றைப் பழமொழிகளிலேதான் தேட வேண்டும். கூரை ஏறிக் கோழி பிடிக்க மாட்டாதவன் வானமேறி வைகுண்டம் போவானாம் என்கிறோம். கூடு கட்டும் வழக்கம் எல்லா வீட்டிலும் இருக்கவில்லை, கோழிகள் கூரையிலும் மரத்திலும் தங்கின என்பதற்கு இப்பழமொழியே சாட்சி.

இரவுக்குக் கூடு

வன்னியில் கோழியை மரத்தில் தங்கவிடுவது ஆபத்தானது. காடு வேலிக்கு அப்பால் தொடங்கிவிடுகிறது. மரநாய் மரமேறும். கீரி சந்து தேடும். நரியும் காட்டுப்பூனையும் இரவில் வளவைச் சுற்றும். மாரிகாலத்தில் வெங்கணாந்தி வருவதுண்டு (மலைப்பாம்பைத்தான் இலங்கையில் இவ்வாறு அழைப்போம்). பகலில் பிராந்து வட்டமிடும். ஆகவே இங்கே கூடு என்பது வசதிக்காக எழுந்ததன்று, காட்டோரத்துக் கட்டாயம்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நெடுங்கேணிப் பக்கத்து வளவுகளில் நான் பார்த்த கூடுகளின் அமைப்பு ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. பாலை, முதிரை, வீரை போன்ற வைரமான மரங்களில் நான்கு கால்கள். கறையான் எளிதில் அரிக்காது என்பதால் இவற்றைத் தேர்ந்தார்கள். நிலத்திலிருந்து இரண்டு, மூன்று அடி உயரத்தில் வரிச்சுத் தடிகளை இடைவெளி விட்டு அடுக்கிய தளம். எச்சம் அந்த இடைவெளியால் கீழே விழும். கூடு ஈரமாகாது, நாற்றமும் குறையும். கீழே சேர்ந்ததை வாரி, குப்பையோடு சேர்த்து மக்கவைத்துத் தோட்டத்துக்கு இடுவார்கள். பச்சையாக இட்டால் செடி கருகிவிடும் என்பதை அனுபவத்தில் அறிந்திருந்தார்கள். பக்கங்களுக்கு நெருக்கமாகக் கட்டிய கம்புகள். மேலே கிடுகு அல்லது இலுக்குப்புல் வேய்ந்த சிறு கூரை. முன்னால் ஒரு பலகைக் கதவு, ஏறுவதற்கு ஒரு சாய்வுக் கம்பு. கருக்கலில் கோழிகள் தாமாக ஏறி அடைந்துவிடும். கதவை அடைப்பது பெரும்பாலும் வீட்டுப் பிள்ளைகளின் கடமை.

கூடு நின்ற இடமும் குறிப்பிடத்தக்கது. அதைக் குசினிக்கு அண்மையிலேயே அமைத்தார்கள். இரவில் கோழி கத்தினால் கேட்கும், அடுப்புப் புகையும் அந்தப் பக்கம் செல்லும். தெள்ளுக்கும் பேனுக்கும் புகை பகை. அடுப்புச் சாம்பலைக் கூட்டுக்குள் தூவுவதும் வேப்பிலை பரப்புவதும் அதே காரணத்துக்காகத்தான். கி.பி. முதலாம் நூற்றாண்டில் வேளாண்மை பற்றி எழுதிய ரோமானியரான கொலுமெல்லாவும், கோழிக்கூட்டைச் சமையலறையையோ அடுப்பையோ அடுத்து அமைக்கும்படி கூறியிருக்கிறார். புகை கோழிகளுக்கு நல்லது என்பதே அவர் சொன்ன காரணமும். ரோமாபுரியின் பண்ணையாளரும் வன்னி விவசாயியும் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள். பறவையும் பேனும் எங்கும் ஒன்றுதானே.

அடைக்கோழிக்குத் தனி இடம். வாய் உடைந்த பழம்பானையில் மணலும் வைக்கோலும் இட்டு, முட்டைகளை அடுக்கி, மேலே பேட்டை அமர்த்துவார்கள். இடியோசையில் முட்டை கூழாகிவிடும் என்று நம்பி, ஓர் இரும்புத் துண்டையோ கரித்துண்டையோ உடன் வைப்பார்கள். இருபத்தொரு நாளில் குஞ்சு பொரிக்கும். பொரித்த குஞ்சுகளும் தாயும் முதல் சில வாரங்கள் கரப்பின் கீழ் இருக்கும். பிரம்பிலோ ஈர்க்கிலோ பின்னிய இந்தக் கவிழ்கூடையைத் தமிழகத்து வாசகர்கள் பஞ்சாரம் என்ற பெயரில் அறிந்திருப்பார்கள். கரப்பு குஞ்சைப் பிராந்திடமிருந்து காத்தது. அதேவேளையில் தோட்டத்தைத் தாய்க்கோழியிடமிருந்தும் காத்தது. குஞ்சோடு திரியும் தாய்தான் எல்லாக் கோழிகளிலும் அதிகமாகக் கிளறும்.

பகலுக்கு வேலி

கோழி ஏன் கிளறுகிறது என்பதை விளங்கிக்கொண்டவர்களே வேலியைச் சரியாகப் போட்டார்கள். மண்ணுக்குள் இருக்கும் புழு, கறையான், விதை ஆகியவை அதன் இரை. இளகிய மண்ணில் புரண்டு புழுதி குளிப்பது பேனை உதிர்க்க அது கண்ட வழி. புதிதாகக் கொத்திப் பாத்தி கட்டிய தோட்டத்தில் இளகிய மண்ணும் புழுவும் விதையும் ஒருங்கே கிடைக்கின்றன. ஆகவே புரட்டாதி, ஐப்பசி மழையோடு தோட்டம் தொடங்கும் அந்த மூன்று, நான்கு வாரங்களே நெருக்கடியான காலம். செடி முழங்கால் உயரம் வந்துவிட்டால் கோழியால் வரும் கேடு குறைவு. பூச்சியைப் பொறுக்குவதால் நன்மையும் உண்டு.

இதற்கேற்பவே நடைமுறைகள் அமைந்தன. மிளகாய், கத்தரி நாற்றுமேடையின்மேல் முட்கிளைகளைப் பரப்பினார்கள். விதைத்த முதல் வாரங்களில் மதியம்வரை கூட்டைத் திறக்காமல் வைத்திருந்தார்கள். பறந்து வேலி தாண்டும் பேட்டுக்கு ஒரு பக்கச் செட்டையின் நீண்ட இறகுகளை மட்டும் நறுக்கினார்கள். இரு பக்கமும் நறுக்கினால் சமநிலை கெடாது, அது எப்படியும் எழும்பிப் பறக்கும். ஒரு பக்கம் நறுக்கினால் கோணலாகி விழும். மரக்கன்றின் அடியில் கற்களை அடுக்கினார்கள். புழுதி குளிப்பதற்கென்று வளவின் ஒரு மூலையில் சாம்பலும் மணலும் கலந்து ஓர் இடம் விட்டுக்கொடுத்தார்கள். இந்தக் கடைசி ஏற்பாடு என்னை மிகவும் கவர்ந்தது. விரட்டுவதைவிட வேறோர் இடம் கொடுப்பது எளிது என்ற அறிவு அதில் இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் அடிப்படை வேலி. யாழ்ப்பாணத்துக் குடாநாட்டில் பனையோலையாலும் கிடுகாலும் அடைத்த வேலிகள் பெயர்பெற்றவை. வன்னியில் காட்டுத்தடியும் முள்ளும் தாராளம் என்பதால் அலம்பல் வேலி வழக்கில் இருந்தது. முள்ளுள்ள கிளைகளை நெருக்கிக் குத்தி, குறுக்குத் தடி கொடுத்துக் கட்டுவது அது. மாடு, பன்றி, கோழி மூன்றையும் அது ஓரளவு தடுக்கும். ஆனால் ஓரிரு ஆண்டுகளில் உக்கிவிடும். நிலைத்து நிற்பதற்குக் கதியால் வேண்டும். கிளுவை, பூவரசு, முள்முருக்கு, சீமைக்கிளுவை ஆகியவற்றின் தடிகளை மழைக்கு முன்னர் நாட்டினால் அவை வேர்விட்டுத் தளிர்க்கும். ஆண்டுதோறும் கிளை வெட்டி இடைவெளியை அடைப்பார்கள். வெட்டிய குழை தோட்டத்துக்குப் பசளையும் ஆட்டுக்குத் தீனியும் ஆகும். கோழிக்குஞ்சு நுழையாத அளவுக்கு உயிர்வேலியின் அடி அடர்த்தியாவதற்குப் பல மாரிகள் வேண்டும்.

இங்கிலாந்தில் இதே சிக்கலுக்கு இயந்திரம் தீர்வு தந்தது. நொறிச் நகரின் இரும்பு வணிகரான சார்ள்ஸ் பார்னாட் 1844இல், துணி நெய்யும் தறியின் முறையைக் கொண்டு கம்பி வலை பின்னும் இயந்திரத்தை அமைத்தார். அறுகோணக் கண்களைக் கொண்ட அந்த வலையே உலகெங்கும் கோழிவலை என்று பெயர் பெற்றது. பணம் கொடுத்தால் ஒரே நாளில் வேலி. வன்னியில் அதை வாங்கக்கூடியவர்கள் சிலர். மற்றவர்களுக்கு வேலி என்பது காட்டிலிருந்து வெட்டி, ஆண்டுதோறும் அடைத்து, காத்திருந்து பெறும் ஒன்று. கோழியை ஒரு நாளில் வாங்கலாம், வேலியை வளர்க்கத்தான் வேண்டும். பின்னால் சொல்லப்போகும் கதைக்கு இந்த வேறுபாடே அடிப்படை.

குலைந்த ஒழுங்கு

நெடுங்கேணிப் பிரதேசத்தில் பழைய குடிகளோடு, 1977 ஆகஸ்ட் வன்செயலின் பின்னர் மலையகத்திலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்களும் குடியேறின. வைத்தியர் இராஜசுந்தரமும் கட்டடக் கலைஞர் எஸ்.ஏ. டேவிட்டும் வவுனியாவைத் தளமாகக் கொண்டு நடத்திய காந்தீயம் அமைப்பு இக்குடியேற்றங்களுக்கு உதவியது. கென்ற் பண்ணை, டொலர் பண்ணை என்ற பெயர்கள் அப்போதுதான் பரவலாகத் தெரியவந்தன. தோட்டத்து லயத்தில் பிறந்து, சொந்த வளவு என்பதை அறியாதிருந்த மக்கள், முதன்முறையாகத் தங்களுக்கென்று வேலி போட்ட இடம் அது.

அந்த வேலி நிலைக்கவில்லை. இராஜசுந்தரம் 1983 ஜூலை 27ஆம் திகதி வெலிக்கடைச் சிறைக்குள் கொல்லப்பட்டார். 1984இல் அப்பண்ணைகளிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டு, சிங்களக் கைதிகளும் அவர்களது குடும்பத்தினரும் அங்கு குடியமர்த்தப்பட்டனர். அவ்வாண்டு நவம்பர் 30ஆம் திகதி அவற்றின்மீது விடுதலைப் புலிகள் நடத்திய தாக்குதலில் பெண்களும் சிறுவரும் உட்படப் பலர் கொல்லப்பட்டனர். அடுத்த மாதமே கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி முதலிய தமிழ்க் கிராமங்களின் மக்கள் தங்கள் ஊர்களை விட்டு வெளியேற்றப்பட்டனர். மணலாறு வெலிஓயா ஆயிற்று. நெடுங்கேணி எல்லையூர் ஆயிற்று.

1990இல் போர் மீண்டும் மூண்டபின், சீமெந்து, எரிபொருள், உரம் உள்ளிட்ட பல பொருட்கள் வன்னிக்குச் செல்வது தடுக்கப்பட்டது. ஒரு வகையில் அந்த ஆண்டுகளில் பழைய முறைகளே மக்களைக் காத்தன. கூட்டுக்கு ஆணி இல்லாவிட்டாலும் கொடியால் கட்டினார்கள். உரம் இல்லாதபோது கோழி எச்சமும் சாம்பலும் தோட்டத்துக்குப் போயின. சந்தைத் தீனியை நம்பிய வெள்ளைக்கோழிகள் மறைந்தன. முற்றத்தில் பொறுக்கித் தின்னும் ஊர்க்கோழிகள் நிலைத்தன.

1997 மே 13ஆம் திகதி ஜயசிக்குறு படை நடவடிக்கை தொடங்கியது. அதே மாதத்தில் நெடுங்கேணி படையினர் வசமானது. 1999 நவம்பரில் புலிகளின் தாக்குதலில் மீண்டும் கைமாறியது. 2002 பெப்ரவரியில் கைச்சாத்தான போர்நிறுத்தம் சில ஆண்டுகள் மூச்சுவிட இடம் தந்தது. 2008, 2009ஆம் ஆண்டுகளின் இறுதிப் போரில் வன்னி முழுவதுமே பெயர்ந்தது. ஒவ்வொரு தடவையும் கூட்டின் கதவைத் திறந்துவிட்டுச் செல்வதா, கோழிகளைக் கட்டி எடுத்துச் செல்வதா என்ற கேள்வி ஒவ்வொரு வீட்டிலும் எழுந்தது. துவிச்சக்கர வண்டியின் கைபிடியில் கால் கட்டிய கோழிகள் தலைகீழாகத் தொங்க, மக்கள் நடந்த காட்சியை வன்னி வீதிகளில் கண்டவர்கள் மறக்க மாட்டார்கள். ஆட்டையும் மாட்டையும் அவிழ்த்துவிட்டார்கள். கோழியைச் சிலர் கொண்டு சென்றார்கள். வேலியை எவராலும் கொண்டு செல்ல முடியவில்லை.

கோழி வந்தது, வேலி வரவில்லை

2009இல் முகாம்களில் அடைக்கப்பட்ட இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் படிப்படியாக ஊர் திரும்பினர். மெனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. திரும்பிய குடும்பங்களுக்குத் தகரமும் கருவிகளும் விதைகளும் கொடுக்கப்பட்டன. வாழ்வாதார உதவி என்ற பெயரில் பல இடங்களில் கோழிக்குஞ்சுகளும் கொடுக்கப்பட்டன. செலவு குறைவு, பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களுக்கு ஏற்றது, சில மாதங்களில் முட்டை கிடைக்கும் என்பன அதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள். காரணங்களில் பிழையில்லை. முட்டைக்காசு வன்னியில் என்றும் வீட்டுப் பெண்ணின் காசாகவே இருந்து வந்தது.

2011இல் அப்பக்கம் சென்றபோது ஒரு கிராமத்தில் நான் கண்டது வேறு. வளவுகளில் காடு ஏறியிருந்தது. தகரக் கொட்டிலுக்கு அப்பால் பத்தடியில் பற்றை. குஞ்சு வந்த நாளில் கூடு இல்லை. கூடு கட்டத் தடி வெட்டப் போனால் கண்ணிவெடி அபாயப் பலகை. இரவில் குஞ்சுகளை வீட்டுக்குள்ளேயே பெட்டியில் வைத்து மூடினார்கள். பகலில் திறந்துவிட்டபோது கீரியும் பிராந்தும் எடுத்தவை போக மிஞ்சியவை, அதே உதவியில் கிடைத்த விதையைப் போட்டு முளைத்த பயிற்றையையும் வெண்டியையும் கிளறிவிட்டன. ஒரு கையால் கொடுத்ததை மறுகையால் கொடுத்தது தின்றது. "குஞ்சுக்குப் பதிலா ரெண்டு கட்டுக் கம்பி தந்திருக்கலாம் தம்பி" என்று ஒரு மூதாட்டி சொன்னார். திட்ட அறிக்கைகள் எதிலும் நான் காணாத மதிப்பீடு அது.

நோயும் இதனோடு சேர்ந்துகொண்டது. ஓரிடத்தில் ஒரே நாளில் நூற்றுக்கணக்கான குஞ்சுகள் வந்திறங்கினால், தடுப்பு மருந்து ஒழுங்காகத் தொடராவிட்டால், ரணிக்கட் நோய் ஒரு கிராமத்தையே வெறுமையாக்கிவிடும். 1920களில் வட இந்தியாவின் இராணிகேத் நகரில் இனங்காணப்பட்டதால் அந்தப் பெயர் பெற்ற நோய் இது. இங்கிலாந்தில் 1926இல் நியூகாசிலில் கண்டதால் அங்கு அந்நகரின் பெயரால் அழைக்கப்படுகிறது. ஊரின் பழைய முறையில் கோழி பெருகுவது ஒவ்வோர் அடையாக, மெதுவாக நடக்கும். கூடும் வேலியும் அதற்கு இணையாக வளரும். உதவித் திட்டம் அந்த வரிசையை மாற்றி, கடைசியில் வர வேண்டியதை முதலில் கொண்டுவந்து இறக்கியது.

எனினும் பழைய வேலிகள் முற்றாக அழிந்துவிடவில்லை. காடு ஏறிய வளவுகளுக்குள் நடந்தால், நேர்கோட்டில் வளர்ந்து நிற்கும் பூவரசுகளையும் முருக்குகளையும் காணலாம். காடு தானாக மரத்தை வரிசையில் நடுவதில்லை. ஒரு காலத்தில் கதியாலாக நாட்டிய தடிகள், கிளை வெட்ட ஆளின்றி மரமாகிவிட்டன. தூர்ந்த கிணறும் இந்த மர வரிசையுமே, உறுதிப்பத்திரம் தொலைத்த பலருக்குத் தங்கள் காணியின் எல்லையைக் காட்டின. பிள்ளைப் பருவத்தில் விட்டுச் சென்ற ஊருக்கு நடுவயதில் திரும்பியவர்கள், அந்த மரங்களை எண்ணித் தங்கள் வளவை அடையாளம் கண்டார்கள். எல்லைப்புறத்துக் காணிகளில் எது குடியிருந்த நிலம், எது காடு என்ற வழக்கு இன்னும் ஓயவில்லை. கைவிடப்பட்ட வளவுகளில் வளர்ந்த மரங்களைக் காட்டி அவற்றை வனப் பகுதியாக அடையாளமிடுகிறார்கள் என்று மக்கள் முறையிடும்போது, கோழியைத் தடுப்பதற்காக ஒருவர் நாட்டிய கதியால் அவருடைய பிள்ளைகளின் சாட்சியாக நிற்கிறது.

இன்று

2021இல் இலங்கை அரசு இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்ததும், அடுத்த ஆண்டு நாடு பொருளாதார நெருக்கடியில் வீழ்ந்ததும் உலகறிந்தவை. 2022 ஜூனில், வீட்டுத்தோட்டம் செய்வதற்கென்று அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை வழங்க அமைச்சரவை முடிவெடுத்தது. தீனி இறக்குமதி தடைப்பட்டதால் பெரிய கோழிப்பண்ணைகள் முடங்கி முட்டைத் தட்டுப்பாடு ஏற்பட்டது. 2023 மார்ச்சில் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி தொடங்கியது. அக்காலத்தில் கொழும்பு வாசிகள் பூச்சட்டியில் மிளகாய் நட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, வன்னியின் வளவுகள் தொண்ணூறுகளின் பாடத்தை நினைவில் வைத்திருந்தன. இறக்குமதித் தீனியை நம்பாத கோழியும் இறக்குமதி உரத்தை நம்பாத தோட்டமும் ஒன்றையொன்று தாங்குபவை. அவற்றைப் பிரித்து வைக்கும் ஒரு வேலி இருந்தால் போதும்.

இன்று அங்குள்ள விவசாயிக்குக் கோழி பெரிய எதிரியன்று. குரங்கும் மயிலும் பன்றியும் யானையும் தோட்டத்துக்குள் வருகின்றன. 2025 மார்ச் 15ஆம் திகதி, குரங்கு, மயில் முதலிய பயிரழிக்கும் விலங்குகளை நாடெங்கும் ஐந்து நிமிடங்களில் எண்ணும் கணக்கெடுப்பொன்றை அரசு நடத்தியது. அலம்பல் வேலி மயிலைத் தடுக்காது, கதியால் குரங்குக்கு ஏணி. ஆகவே வேலியின் கதை இன்னும் முடியவில்லை.

புலம்பெயர்ந்த நம்மவர் சிலர் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் வீட்டின் பின்புறத்தில் கீரையும் முருங்கையும் வளர்க்கிறார்கள், கோழி வளர்க்கவும் ஆசைப்படுகிறார்கள். அங்கே சிக்கல் வேறு விதமானது. ரொறன்ரோ மாநகரம் 2018இல் குறிப்பிட்ட சில வட்டாரங்களில் நான்கு கோழிகள் வரை வளர்க்க அனுமதித்துச் சோதனைத் திட்டமொன்றைத் தொடங்கிப் பின்னர் அதை முடித்துக்கொண்டது. இங்கிலாந்தில் 2024 ஒக்ரோபர் 1 முதல் ஒரே ஒரு கோழி வைத்திருப்பவரும் பதிவு செய்ய வேண்டும். பறவைக் காய்ச்சல் பரவும் காலங்களில் கோழியை வெளியே விடாமல் அடைத்து வைக்கும்படி ஆணை வருகிறது. அங்கு வேலியின் அளவைச் சட்டம் சொல்கிறது. வன்னியில் அதை அயலும் அனுபவமும் சொல்லிவந்தன.

மீள்குடியேற்றத்தின் வெற்றியைக் கட்டிய வீடுகளின் எண்ணிக்கையைக் கொண்டு அளக்கிறார்கள். வீதியின் நீளத்தையும் மின்கம்பங்களின் தொகையையும் சேர்த்துக்கொள்கிறார்கள். நான் வேறொன்றையும் பார்க்கச் சொல்வேன். அடைக்கோழியை நம்பி அமர்த்துவதற்கு, இருபத்தொரு நாளும் அதே இடத்தில் இருப்போம் என்ற உறுதி வேண்டும். கதியால் நாட்டுவதற்கு, அது அடர்த்தியாகும் வரையில் இங்கேயே வாழ்வோம் என்ற உறுதி வேண்டும். நெடுங்கேணி வளவொன்றில் தளிர்விட்ட கதியாலும், குசினியோரத்தில் மாலையில் கதவடைத்த கூடும், வேலிக்கு அப்பால் கிளறப்படாத மிளகாய்ப் பாத்தியும் ஒருங்கே காணப்பட்டால், அந்தக் குடும்பம் ஊர் திரும்பிவிட்டது என்று எழுதலாம். அதற்கு முன்னர் எழுதுவது அவசரம்.